அறுவை சிகிச்சையில் நோயாளியைப் படுக்க வைப்பதற்கும் கிருமி அண்டாமல் காப்பதற்கும் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது?

உங்கள் உறவினருக்கு அறுவை சிகிச்சை முக்கால் மணி நேரம்தான் நடந்தது, ஆனால் தியேட்டருக்குள் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள், மீதி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுப்பதற்கும் மயக்கம் தெளிவிப்பதற்கும் ஒரு பங்கு நேரம் போகிறது. மற்றொரு பெரும் பங்கு, நோயாளியைச் சரியாகப் படுக்க வைப்பதிலும் அவரைச் சுற்றி ஸ்டெரைல் (கிருமியற்ற) எல்லை ஒன்றை அமைப்பதிலும் போகிறது.

தூக்கத்தில் கை மரத்துப்போனால் நம்மை அறியாமலே புரண்டு படுத்துவிடுகிறோம். மயக்கத்தில் இருப்பவரால் அது முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேரும்போது, விழித்திருந்தால் வலி தாங்காமல் தடுத்திருக்கக்கூடிய அளவையும் தாண்டி அவருடைய மூட்டுகள் நம் கைக்கு வளைந்துகொடுக்கும். எங்கே அழுத்துகிறது, எங்கே இழுக்கிறது என்பதை அவருக்குப் பதிலாக நாங்கள்தான் உணர வேண்டியிருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது, பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு தவறினால். தையல் தொழில் செய்யும் ஒருவருக்கு நான்கு மணி நேர வயிற்று அறுவை சிகிச்சை. தொடக்கத்தில் கையை ஆர்ம் போர்டில் (மேசையோடு இணைந்த, கையை வைக்கும் பலகையில்) உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, முழங்கைக்கு அடியில் ஜெல் பேட் கொடுத்திருந்தேன். இடையில் அறுவை மருத்துவர் மேசையைச் சாய்க்கச் சொன்னபோது சாய்த்தேன். ஆனால் போர்வைக்குள் கைவிட்டு முழங்கையைத் தடவிப் பார்க்கவில்லை. மறுநாள் அவர் சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் உணர்ச்சியில்லை என்றார். கை புரண்டு, பேட் நழுவி, முழங்கையின் உட்புறம் பலகையின் விளிம்பில் அழுந்திக் கிடந்திருக்க வேண்டும். எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்குமே, அந்த இடத்தில்தான் அல்நார் நரம்பு எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. ஊசியைப் பிடித்துப் பிழைக்கும் அந்தக் கை பழைய நிலைக்குத் திரும்ப மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மல்லாந்து படுத்திருப்பவரின் கையை உடலிலிருந்து 90 பாகைக்கு மேல் விரிக்கக் கூடாது. விரித்தால் கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் இழுபடும். கையை உடலோடு சேர்த்து வைப்பதானால் உள்ளங்கை தொடையைப் பார்த்திருக்க வேண்டும். குதிகால்கள் மெத்தையில் பதியாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது மார்புக்கு அடியில் வைக்கும் உருளையை அக்குளுக்குள்ளேயே திணித்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை; அது அக்குளுக்குச் சற்றுக் கீழே, விலா எலும்புகள் எடையைத் தாங்கும்படி இருந்தால்தான் நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்காமல் இருக்கும்.

குப்புறப் படுக்க வைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சிச் செய்கிறேன். குறைந்தது நான்கு பேர் வேண்டும். தலையையும் சுவாசக் குழாயையும் மயக்க மருந்து மருத்துவர் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும்போதுதான் திருப்ப வேண்டும். முதுகெலும்பு அறுவையின்போது வயிறு எதிலும் அழுந்தாமல் தொங்க வேண்டும். அழுந்தினால் உள்ளே இருக்கும் பெருஞ்சிரை நெரிபட்டு, இரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் தேங்கி, அறுக்கும் இடத்திலேயே கசிவு அதிகமாகும். கண்ணின் மீது எந்த அழுத்தமும் கூடாது, ஏனெனில் அங்கே போவது பார்வை. கால்களைத் தூக்கிக் கட்டும் நிலையில் இரண்டு கால்களையும் இருவர் ஒரே நேரத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் மெதுவாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். சட்டென்று இறக்கினால் இரத்த அழுத்தமும் சரியும். மேசையின் கீழ்ப்பகுதியை மீண்டும் உயர்த்தும்போது நோயாளியின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் பொத்தானைத் தொடவே கூடாது. அந்த இடுக்கில் விரல் நசுங்கிவிடும்.

இனி ஸ்டெரைல் எல்லை. முடியை அகற்றியே ஆக வேண்டுமானால் கிளிப்பரால் வெட்ட வேண்டும், சவரம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. சவரக் கத்தி தோலில் விடும் நுண்ணிய கீறல்களே கிருமிகளுக்கு இடம் கொடுக்கின்றன. ஆல்கஹால் கலந்த மருந்தைத் தடவினால், முடியில்லாத தோலில்கூடக் குறைந்தது மூன்று நிமிடம் உலர விட வேண்டும். அந்த மூன்று நிமிடத்தைத்தான் பலரும் சுருக்கப் பார்க்கிறார்கள். ஈரம் வழிந்து முதுகுக்கு அடியில் தேங்கினால் தோல் புண்ணாகும். காட்டரியின் (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு இரத்தக் கசிவை நிறுத்தும் கருவியின்) பொறி பட்டால் தீயே பிடிக்கும்.

ஸ்கரப் செய்து (கைகளை முறைப்படி கிருமி நீக்கிக் கழுவி) கவுன் அணிந்தவர் உடல் முழுவதும் ஸ்டெரைல் என்று வெளியே இருப்பவர்கள் எண்ணுவதுண்டு. கவுனின் முன்பக்கத்தில் மார்பு முதல் மேசை மட்டம் வரை, கைகளில் முழங்கைக்கு 5 செ.மீ. மேலிருந்து கீழ்நோக்கி, இவ்வளவே ஸ்டெரைலாகக் கொள்ளப்படும். முதுகு கணக்கில் இல்லை. நோயாளியின் மேல் விரித்த ஸ்டெரைல் போர்வையிலும் மேசை மட்டத்துக்குக் கீழே தொங்கும் பகுதி கணக்கில் இல்லை. போர்வையை ஒருமுறை விரித்தபின் அறுக்கும் இடத்தை நோக்கி நகர்த்தக் கூடாது. நனைந்த போர்வையையும் நம்பக் கூடாது. கீழிருக்கும் கிருமி ஈரத்தோடு மேலே ஏறிவிடும். ஸ்கரப் செய்யாதபோது நாங்கள் குறைந்தது 30 செ.மீ. விலகியே நடப்போம், இரண்டு ஸ்டெரைல் மேசைகளுக்கு நடுவே புகுந்து போக மாட்டோம்.

இந்த விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. மீறலை வாய் திறந்து சொல்வதுதான் கடினம், ஏனெனில் பட்டது கண்ணுக்குத் தெரியாது. பட்டவருக்கேகூடத் தெரியாமல் போகலாம். ஒருமுறை நான் ஸ்கரப் செய்து டிராலியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன பெண் மெல்லிய குரலில், "சிஸ்டர், உங்க ஸ்லீவ் லைட்ல பட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். எனக்குப் பட்டதாகத் தோன்றவில்லை. அறுவை மருத்துவர் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அது ஸ்டெரைல் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். கவுனையும் கையுறையையும் கழற்றிவிட்டுப் புதிதாக அணிந்துகொண்டேன். அன்று நான் மறுத்திருந்தால் அந்தப் பெண் மறுபடி எதையும் சொல்லியிருக்க மாட்டாள். உலக சுகாதார அமைப்பு 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று இருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருமுறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை பேசுவது எளிதாகிறது.

இரண்டு கவனங்களும் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. மேசையைச் சாய்த்தபின் முழங்கையைப் பார்க்க வேண்டும், ஆனால் போர்வையைத் தூக்கக் கூடாது. ஆகவே மயக்க மருந்து மருத்துவர் இருக்கும் தலைப்பக்கத்திலிருந்து போர்வைக்கு அடியில் கைவிட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி, பேட் இருக்கிறதா, விரல்கள் எதிலாவது மாட்டியிருக்கின்றனவா என்று அறிந்துகொள்கிறேன். மேசையைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

அறுவை முடிந்து போர்வையை எடுத்தபின் குதிகால், முதுகின் அடிப்பகுதி, பின்னந்தலை, முழங்கை, காட்டரி பிளேட் (காட்டரியின் மின்சாரம் திரும்பிச் செல்லத் தோலில் ஒட்டும் தகடு) ஒட்டியிருந்த இடம் ஆகியவற்றில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பில் எழுதுவோம். மயக்கம் தெளிந்ததும் ரிக்கவரி அறையில் அவரிடம் இரண்டு கைகளின் சுண்டுவிரல்களையும் அசைக்கச் சொல்லி, நான் தொடுவது தெரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்புகிறேன்.