தோற்றால் சோதனை, வென்றால் அருள்: மாஸ்டரிடம் கேள்வி பதில்

சமயமும் சமூகமும் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது வவுனியாவில் இருக்கிறார் மாஸ்டர். தேர்தல் முடிவை நம் ஆட்கள் சாமியோடு முடிச்சுப் போடுவது பற்றி அவரிடம் கேட்கும்படி வாசகர்களிடம் சொன்னோம். வந்தவையும் அவர் சொன்னவையும் கீழே.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மாஸ்டர், எங்கள் ஆள் தோற்ற அன்று அம்மா "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. இருவரும் கும்பிடுவது தான்தோன்றீஸ்வரரைத்தான். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: கோயில் ஒன்றுதான் தம்பி, கும்பிடும் விதம் வேறு. கெனத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1988இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பாரத்தை முழுதாகக் கடவுளிடம் இறக்கிவிடுவோர் ஒரு சாரார். கடவுளும் நானும் சேர்ந்து பார்ப்போம் என்போர் இன்னொரு சாரார். கடவுள் அறிவைத் தந்துவிட்டார், மிச்சம் என் பாடு என்போர் மூன்றாவது. அம்மா முதல் வகை. அண்ணன் இரண்டாவதாக இருப்பார். போஸ்டரும் ஒட்டியிருப்பார், நேர்த்தியும் வைத்திருப்பார். கூட்டு வியாபாரத்தில் பங்காளி காலை வாரிவிட்டதுபோல அவருக்கு இருக்கும். பேசாமல் விடுங்கள், பசி எடுத்தால் வருவார்.

அம்மாவின் அமைதியைக் குறைவாக நினைக்காதீர்கள். இவ்வளவு இழந்த ஊரில் அந்த அமைதிதான் பலரை எழும்பி நடக்க வைத்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. "அவன் செயல்" என்று சொன்ன பிறகு, தோற்றவரைப் பார்த்து "ஐந்து வருசம் எங்கே போயிருந்தீர்?" என்று யாரும் கேட்பதில்லை. அவரும் அந்தச் சொல்லுக்குள் வசதியாகப் பதுங்கிக்கொள்வார். வென்றவர் சங்கதி இன்னும் மோசம். "அம்மன் தந்த பதவி" என்பவரிடம் வாக்குப் போட்டவர் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பது?

கேள்வி (கிளிநொச்சி): 2024 செப்டம்பர் 21 புரட்டாசி முதல் சனி. ஜனாதிபதித் தேர்தல் முடிவுக்கு அதுதானே காரணம்?

பதில்: எள்ளெண்ணெய் எரித்துவிட்டுத்தான் நானும் வாக்களிக்கப் போனேன். போட்டியிட்ட எல்லாருக்கும் அன்று அதே சனிதான்.

கேள்வி (முல்லைத்தீவு): 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்களில் 2 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. கடவுளைப் பற்றிப் பேசாத இடதுசாரிகளுக்குச் சைவ ஆட்கள் எப்படிப் போட்டார்கள்?

பதில்: வாக்குச்சீட்டில் சமயம் இல்லை. சைவர் எத்தனை பேர், வேதக்காரர் (கிறிஸ்தவர்) எத்தனை பேர் என்று உங்களுக்கு எண்ணிச் சொன்னது யார்? இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வவுனியா, ஒரு முஸ்லிம் சகோதரி): 2019இல் ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். உம்மா தொழுகைப் பாயைவிட்டு எழும்பவே இல்லை. ஈமான் பயத்தைக் குறைக்குமா, கூட்டுமா சேர்?

பதில்: பயம்தான் முதலில் வந்தது பிள்ளை. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. வென்ற கோட்டாபய ராஜபக்ச அநுராதபுரம் ருவன்வெலிசாய பௌத்த தூபியில் சத்தியப்பிரமாணம் செய்தார். சிங்கள மக்களின் வாக்கால் வெல்வேன் என்று தெரிந்திருந்தது என்றும் அங்கே சொன்னார். அதைப் பார்த்த சிறுபான்மை வீடுகளில் பயம் வராமல் எப்படி? மலேசியாவில் ஒரு தேர்தலுக்கு முன்னும் பின்னும் ஆட்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். யார் ஆளப்போகிறார் என்று தெரியாத நேரத்தில், எல்லாம் கடவுள் கையில் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. தேர்தல் முடிந்ததும் குறைந்தது. அரசாங்கத்தின் மேல் பிடி விட்டால் மனம் மேலே பார்க்கும். உம்மா செய்ததும் அதுதான். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியும் அன்று விடியவிடிய விளக்கை அணையவிடாமல் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தார்.

கேள்வி (மன்னார்): 2015 ஜனவரி 8 தேர்தல், ஆட்சி மாறியது. 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்தார். மாதாவின் அருள்தானே?

பதில்: அருளா இல்லையா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது திகதி மட்டும். பாப்பரசரின் பயணம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் 2014 நவம்பரில் தேர்தலே அறிவிக்கப்பட்டது. யார் வென்றிருந்தாலும் அவர் வந்திருப்பார். தோற்ற மகிந்த ராஜபக்சவும் டிசம்பரில் திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டவர்தான். நாள் பார்த்துத்தான் தேர்தலையும் வைத்தார். நாள் பிழைத்தால் நம் ஆட்கள் சோதிடரை மாற்றுவார்கள், சோதிடத்தை அல்ல.

கேள்வி (வற்றாப்பளை): மன்னார் அண்ணையை விடுங்கள் மாஸ்டர். அநீதி செய்த அரசனின் மதுரையையே எரித்தவள் கண்ணகி. இங்கே ஆட்சி கவிழ்வதெல்லாம் அவள் கணக்கு.

மன்னார்: அப்படியென்றால் 2019இல் ஏன் விட்டாள்?

வற்றாப்பளை: 2022இல் கோட்டாபய நாட்டைவிட்டே ஓடவில்லையா? நின்று கொன்றாள்.

பதில்: சரி, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, அரசியல்வாதி கேட்டால் நீங்கள் ஐந்து வருசத்துக்கு மேல் ஒரு நாள் கொடுக்கமாட்டீர்கள். அம்மனுக்கு மட்டும் தவணைக்கு எல்லையே இல்லை. மன்னார் அண்ணையும் 2015ஐச் சொல்கிறார், 2019ஐச் சொல்லவில்லை. பிடித்த முடிவு வந்தால் அருள், பிடிக்காதது வந்தால் சோதனை. இந்தக் கணக்கில் தெய்வம் ஒரு தேர்தலிலும் தோற்காது. பக்திக்கு அது பழுதில்லை, அரசியலைப் புரிந்துகொள்ளத்தான் உதவாது.

சண்டை பிடிக்கிறீர்கள் என்பதால் இதையும் கேளுங்கள். 2019 மார்ச்சில் மன்னார் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலின் அலங்கார வளைவுப் பிரச்சினையில் சைவரும் கத்தோலிக்கரும் முகம் பார்க்காமல் நின்றார்கள். அதே நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 80 வீதத்துக்கும் மேலான வாக்கு ஒரே வேட்பாளருக்கு, கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு, விழுந்தது. வளைவில் பிரிந்தவர்கள் பெட்டியில் சேர்ந்தார்கள். இரு பக்கத்துக்கும் இருந்த பயம் ஒன்றுதான்.

மன்னார்: ஆனால் மாஸ்டர், மடுவில்...

பதில்: மடு முடிந்தது அண்ணை.

கேள்வி (மாங்குளம்): சனிப்பெயர்ச்சிக்கும் 2024 முடிவுக்கும்...

கேள்வி (நெடுங்கேணி): வாக்கிய பஞ்சாங்கத்தின்படி சனி எப்போது...

பதில்: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச், வாக்கியத்துக்கு 2026 மார்ச். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில் ஒரு வருசம் இருக்கிறது, எந்த முடிவையும் ஏதாவது ஒன்றுக்குள் அடக்கலாம். இனிச் சனி பற்றி ஐயரைக் கேளுங்கள்.

கேள்வி (செட்டிகுளம்): எங்கள் பக்கத்து வேதக்காரர் எல்லாரும் ஒரே கட்சிக்குத்தான்...

பதில்: வாக்குச்சீட்டில் சமயம் இல்லை. மேலே பாருங்கள்.

கேள்வி (புளியங்குளம்): எங்கள் ஆள் வென்றால் புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்குவதாக நேர்த்தி வைத்தேன். தோற்றுவிட்டார். பொங்க வேண்டுமா?

பதில்: வென்றால் என்றுதானே வைத்தீர்கள், கடன் இல்லை. மனம் கேட்காவிட்டால் பொங்குங்கள். ஆளை மட்டும் கூப்பிடாதீர்கள், பொங்கி முடியுமுன் பேசத் தொடங்கிவிடுவார்.