கடைசி மாதங்களில் மகனைத் தேடும் தந்தைக்கு: கேள்வி பதில்

நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் ஆலோசகராகப் பணியாற்றியவன் என்ற முறையில், குணமாகாத நோயில் இருக்கும் தந்தைக்கும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்ட மகனுக்கும் இடையே என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தந்தையரும் கேட்டிருக்கிறார்கள், மகன்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு எழுதிய பதிலை மறு தரப்பும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: எனக்கு நுரையீரல் புற்றுநோய், பரவிவிட்டது. என் மகன் 11 ஆண்டுகளாக என்னோடு பேசுவதில்லை. அவன் விரும்பிய தொழிலைப் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசினேன். சிறு வயதில் அடித்தும் இருக்கிறேன். அவனுடைய முகவரி மட்டும் என்னிடம் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: கடிதம் எழுதுங்கள், ஐயா. தொலைபேசி மணி அடித்தால் அந்த நொடியிலேயே எடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். கடிதத்தையோ, தான் விரும்பும் நாளில் பிரிக்கலாம், பாதியில் மூடி வைக்கலாம், ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் படிக்கலாம். அந்தச் சுதந்திரத்தை அவருக்குக் கொடுப்பதே உங்கள் முதல் மரியாதை.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்னிடம் வந்த தந்தையர் பெரும்பாலோரின் முதல் வரைவு அவர்களுடைய சுயசரிதையாகவே இருந்தது: பட்ட கஷ்டம், செய்த தியாகம், அன்றைய சூழ்நிலை. அதை எழுதிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டிய கடிதத்தில் நீங்கள் செய்தது என்ன என்பது பெயர் சொல்லி இருக்க வேண்டும். "நான் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடு" என்று எழுதினால், அந்த "இருந்தால்" என்ற ஒரு சொல்லிலேயே மகன் கடிதத்தை மூடிவிடுவார். "உன் வேலையைப் பற்றி எல்லார் எதிரிலும் கேவலமாகப் பேசினேன். சிறுவனாக இருந்தபோது உன்னை அடித்தேன். இரண்டும் தவறு. அப்படி நடக்கும்படி நீ எதுவும் செய்யவில்லை" என்று எழுதுங்கள். அதன் பின்னால் "ஆனால்" என்று எந்த வாக்கியமும் தொடங்கக் கூடாது.

நோயை மறைக்கவும் வேண்டாம், அதைத் தூது அனுப்பவும் வேண்டாம். இன்ன நோய், குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள், பிறர் வழியாக நீ அறிவதை விட நானே சொல்வது சரி என்று நினைத்தேன் என்ற அளவில் இரண்டு வாக்கியங்கள் போதும். "கண் மூடுவதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிடு" என்ற வரி எவ்வளவு உண்மையான ஏக்கத்திலிருந்து வந்தாலும், ஒருகாலத்தில் உங்கள் குரலுக்குப் பயந்தவருடைய காதில் அது கட்டளையாகத்தான் விழும். பதில் எழுத வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்பதையும் எழுதுங்கள். அதை மனதார நம்பிய பிறகே எழுதுங்கள்.

கேள்வி: இந்தச் சுற்றுச் சிகிச்சை முடிந்து உடல் சற்றுத் தேறிய பிறகு எழுதலாம் என்றிருக்கிறேன். ஆறு மாதமாவது இருக்கிறது என்கிறார் மருத்துவர்.

பதில்: காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் இறுதிக்காலப் பராமரிப்பில் சேர்ந்த 468 நோயாளிகளைப் பற்றி 343 மருத்துவர்கள் சொன்ன கணிப்புகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஏறத்தாழச் சரியாக இருந்தவை 20 சதவீதம். 63 சதவீதக் கணிப்புகள் உண்மையில் கிடைத்ததை விட அதிக நாட்களைச் சொல்லியிருந்தன. நோயாளியை நீண்ட காலமாக அறிந்த மருத்துவர்களின் கணிப்பே மேலும் பிழைபட்டது என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி. பழகிய மனிதரைப் பற்றிக் குறைவான நாட்களைச் சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உயிர் நிற்பதற்கு முன்பே தெளிவு குறையத் தொடங்கும். கல்லீரலோ சிறுநீரகமோ தளர்வதாலும், தொற்றாலும், இரத்தத்தில் கால்சியம் கூடுவதாலும், மருந்துகளாலும் கடைசி வாரங்களில் பலருக்கு உறக்கமும் குழப்பமும் மிகுந்துவிடும். ஆகவே மருத்துவர் சொல்லும் ஆறு மாதம் முழுவதும் பேனா பிடிக்கக்கூடிய ஆறு மாதம் அல்ல. இந்த வாரமே எழுதுங்கள்.

கேள்வி: நான் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. அவனைப் படிக்க வைத்தேன், ஆளாக்கினேன். அவன்தான் என்னை உதறிவிட்டுப் போனான். ஆனாலும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பதில்: உங்கள் உழைப்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தவற்றின் கணக்கும் அவர் பட்டவற்றின் கணக்கும் வேறு வேறு ஏடுகளில் எழுதப்பட்டவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்க முடியாது. நம்பாத மன்னிப்பை எழுதச் சொல்ல மாட்டேன், பொய்யான மன்னிப்பை மகன் உடனே கண்டுகொள்வார். உங்களால் உண்மையாக எழுதக்கூடியது இதுவாக இருக்கலாம்: "நீ என்னைவிட்டு விலகினாய் என்றால் அதற்குப் பெரிய காரணம் இருந்திருக்க வேண்டும். அதை நான் ஒருபோதும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது குறுக்கே பேசாமல் கேட்கத் தயாராக இருக்கிறேன்." அவர் சொல்லத் தொடங்கினால் வாக்குக் கொடுத்தபடி குறுக்கே பேசாதீர்கள். அது மன்னிப்புக் கேட்பதை விடவும் கடினமானது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: நான் தாய். எனக்கு உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மகனை வரவழைத்து, வந்த பிறகு அவன் அப்பாவைக் காட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. வஞ்சித்து வரவழைத்தால் அவர் உங்களையும் நம்ப மாட்டார், தந்தை இறந்த பிறகு அவருக்கென்று மிஞ்சும் உறவு நீங்கள்தான். "அப்பாவின் நிலை இதுதான், கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்று சொல்லி அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா கடிதம் அனுப்பியிருக்கிறார். படித்தேன். எனக்குப் போக விருப்பமில்லை. போகாவிட்டால் பின்னால் வாழ்நாள் முழுவதும் வருந்துவாய் என்று உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: நீங்கள் வருந்துவீர்களா என்பது உங்கள் உறவினர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனவர்களில் வருந்தியவர்களும் உண்டு, போகாதவர்களில் அமைதியாக இருப்பவர்களும் உண்டு. சாவு நெருங்கிவிட்டது என்பதனாலேயே ஒருவருக்கு மன்னிப்புப் பெறும் உரிமை வந்துவிடாது. நோயாளிகளின் பக்கம் நின்று இத்தனை ஆண்டுகள் வேலை செய்தவன் இதைச் சொல்வது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் கடமைக்காக வந்து சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போகும் மகனால் தந்தைக்கும் ஆறுதல் கிடைப்பதை நான் கண்டதில்லை.

மன்னிப்பதும் சந்திப்பதும் வேறு வேறு. மன்னிக்காமலே ஒருமுறை போய்ப் பார்க்கலாம். மன்னித்துவிட்டும் போகாமல் இருக்கலாம். போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் நடுவே வழிகள் பல இருக்கின்றன. "கடிதம் கிடைத்தது, படித்தேன்" என்று ஒரே வரி எழுதலாம். குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். கால் மணி நேரம் மட்டும், நம்பிக்கையான நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து வந்துவிடலாம் என்ற ஏற்பாட்டோடு போகலாம். அந்த வீட்டில் உங்களுக்கு நடந்தது கொடுமை என்றால், உங்கள் பாதுகாப்பும் மன நலமுமே முதலில்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அவர் இறந்த பிறகு உங்களுக்குத் துக்கம் வரக்கூடும், அது எதிர்பாராத அளவுக்கு இருக்கவும் கூடும். அப்படி வந்தால் நீங்கள் எடுத்த முடிவு தவறு என்று பொருள் கொள்ளாதீர்கள். கிடைத்திருக்க வேண்டிய தந்தை கிடைக்காமலே போனதற்காகவும் மனிதர்கள் அழுகிறார்கள். முடிவு எதுவானாலும், அது நாள் தள்ளிப்போனதால் தானாக நேர்ந்ததாக இல்லாமல், நீங்களே உட்கார்ந்து எடுத்ததாக இருக்கட்டும்.

கேள்வி: தம்பி அப்பாவைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறான். அன்று அப்பா தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினை நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. வலியோடு இருப்பவரால் யாருடைய பேச்சையும் கேட்க முடியாது. மார்ஃபின் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழிகள் உண்டு. அப்பாவுக்கு ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கிறார்கள் என்றால், அது சிலருக்கு எரிச்சலையும் படபடப்பையும் தரும் என்பதைத் தம்பிக்கு முன்பே சொல்லிவையுங்கள், அப்பாவின் பழைய கோபம் என்று அவர் நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்பா எந்த நேரத்தில் அதிகம் விழித்திருக்கிறார் என்று செவிலியரிடம் கேட்டு, வலி மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் சந்திப்பை வையுங்கள். இருபது நிமிடம் போதும். நாற்காலியை அவர் கண் மட்டத்துக்கு வருமாறு போடுங்கள், மற்றவர்கள் வெளியே இருங்கள்.

மருத்துவக் குழுவிடம் இந்தப் பிரிவைப் பற்றியும் பேசுங்கள், அது குடும்ப விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இன்றைய இறுதிக்காலப் பராமரிப்புக்கு அடித்தளமிட்ட ஸிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியை "முழு வலி" என்றே அழைத்தார். உடலின் நோவோடு மனமும் உறவுகளும் வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பும் அதில் அடங்கும். மருந்தளவைக் கூட்டியும் தணியாத வலிக்குப் பின்னால், ஒரு மகனின் பெயர் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. நான் தாமதமாகிவிட்டேன். இனிப் பேசினால் கேட்குமா?

பதில்: பேசுங்கள். இறக்கும் நிலையில் எந்த அசைவும் காட்டாமல் இருந்த சிலரின் மூளை, ஒலி மாறும்போது நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே வினையாற்றியதை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை (EEG) மூலம் கண்டறிந்து 2020இல் வெளியிட்டார்கள். சொற்கள் புரிந்தன என்பதற்கு அது சான்றாகாது. காது வழி இன்னும் திறந்திருக்கலாம் என்பதற்குச் சான்று. நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். கோபம் மிச்சமிருந்தால் அதையும் அமைதியான குரலில் சொல்லலாம். சொல்ல எதுவும் வராவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: கடிதம் அனுப்பி இரண்டு மாதமாகிவிட்டது, பதில் இல்லை. மறுபடி எழுதலாமா? சொத்தை அவன் பெயருக்கு எழுதி வைத்தால் வருவானா?

பதில்: சொத்தை நியாயப்படி எழுதி வையுங்கள், ஆனால் அதை இந்தக் கடிதத்தோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் மன்னிப்பு விலை பேசப்பட்டதாகிவிடும். உங்கள் உடல்நிலை மாறும்போது ஒரு சிறு கடிதம் எழுதலாம், அதற்கு மேல் எழுதினால் துரத்துவதாக ஆகும்.

அதற்குப் பதிலாக, உங்களால் பேச முடியும்போதே ஒரு பதிவு செய்துவையுங்கள். கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் உருவாக்கிய "கண்ணியச் சிகிச்சை"யில், நோயாளி தன் வாழ்வில் முக்கியமானவை எவை, தன்னை எப்படி நினைவில் கொள்ள வேண்டும், அன்புக்குரியவர்களிடம் சொல்ல மீதமிருப்பது என்ன என்று பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தி, அவர் விரும்புகிறவருக்கு விட்டுச்செல்வார்கள். உங்கள் மகன் பிறந்த நாளன்று என்ன நடந்தது, அவருக்கு முதலில் பேச வந்த சொல் எது என்பவை உங்களோடு போய்விடக்கூடியவை. அவற்றைச் சொல்லுங்கள், குறை ஒன்றும் சேர்க்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மகன் கேட்கும் நாளில் கொடுக்கச் சொல்லுங்கள், அது பத்து ஆண்டு கழித்தானாலும்.

கேள்வி: 14 ஆண்டுகளுக்குப் பிறகு நாளை மாலை வருகிறான். முதலில் என்ன சொல்வது?

பதில்: அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்ததற்கு நன்றி சொல்லுங்கள், பிறகு அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். அவர் மனதில் இருப்பது 14 ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் உருவம். ஆகவே நீங்கள் எவ்வளவு மெலிந்திருக்கிறீர்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது, குரல் தாழ்ந்துவிட்டது என்பதையெல்லாம் இன்று இரவே வீட்டில் ஒருவரைத் தொலைபேசியில் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.