மகன் ஓயாமல் நடக்கிறான்: வியாதியா, மாத்திரையா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. காதில் குரல் கேட்பதாகச் சொன்னதால் ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். மூன்று வாரத்துக்கு முன் 4 மில்லிகிராமை 6 ஆக்கினார்கள். குரல் அடங்கிவிட்டது. ஆனால், சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் எழுந்துவிடுகிறான். ராத்திரியெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. வியாதி முற்றிவிட்டதா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் என் அண்ணன்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். “குரல் நடக்கச் சொல்லுதா, இல்ல உட்கார்ந்தா கால் தரிக்க மாட்டேங்குதா?” இரண்டாவது என்றால், பெரும்பாலும் அது மாத்திரையின் பக்கவிளைவு. அகதீசியா என்பார்கள். மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாட்களிலோ வாரங்களிலோ வரும். உள்ளுக்குள் ஒரு தவிப்பு. நடந்தால் கொஞ்சம் தணியும். நீங்கள் சொல்லும் கணக்கு இதோடு பொருந்துகிறது.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் அளவுமீறி வேலை செய்யும்போது இல்லாத குரல் கேட்கிறது. அது வந்து அமரும் ஏற்பிகளில் ரிஸ்பெரிடோன் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏறக்குறைய 65 சதவீத ஏற்பிகள் அடைபட்டால் குரல் அடங்கத் தொடங்கும். 80ஐத் தாண்டினால் பலன் பெரிதாக அதிகரிக்காது. நடுக்கம், விறைப்பு, இந்தத் தவிப்பு ஆகியவைதான் கூடும். உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் அதே ஏற்பிகள் உண்டு. மாத்திரைக்கு இடம் பார்த்து உட்காரத் தெரியாது.

இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. “ரொம்பப் பதற்றமா இருக்கான்” என்று வீட்டார் சொல்ல, வியாதி என்று நினைத்து அளவு மேலும் கூட்டப்படும், தவிப்பும் கூடும். நீங்கள் “6 ஆக்கின பிறகுதான் கால் ஓயலை” என்று தேதியோடு சொல்லுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், இந்தத் தவிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம் (மகனுக்கு ஆஸ்துமா உண்டென்றால் கட்டாயம் சொல்லுங்கள்). பக்கவிளைவுக்கென்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை ஏற்கெனவே தந்திருந்தால், நீங்களாக இன்னொன்று கூட்டித் தராதீர்கள். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது கேட்கும். இந்தத் தவிப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

அண்ணனின் யோசனை வேண்டாம். நிறுத்திய மறுநாளே குரல் திரும்பிவிடுவதில்லை. சில வாரமோ மாதமோ கழித்து வரும்; அதற்குள் “நிறுத்தியும் ஒன்றும் ஆகலையே” என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். முதல்முறை வந்த நோய்க்கே, குணமான பிறகும் குறைந்தது ஓரிரு வருடம் மருந்து தொடர வேண்டும்.

அடுத்த சீட்டுத் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். இந்தத் தவிப்பு தாங்க முடியாமல் சாகத் தோன்றுவதுண்டு. அப்படி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே, தனியே விடாமல் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் பேசலாம். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, புத்தி தடுமாறினால் அடுத்த வேளை மாத்திரை தராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து.

எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது கேளுங்கள். இன்னொன்று: ரிஸ்பெரிடோன் ப்ரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். ஆண்களுக்கு மார்பு வீங்கலாம், தாம்பத்ய ஆசை குறையலாம். இதை அவன் அம்மாவிடம் சொல்ல மாட்டான். மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.