சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வதா, பேக்கேஜே போதுமா?

டெபியன் லினக்ஸின் களஞ்சியத்தில் எனக்கு வேண்டிய மென்பொருளின் பழைய பதிப்புதான் பேக்கேஜாக இருக்கிறது. சோர்ஸை (மூல நிரலை) எடுத்து, ஓடக்கூடிய நிரலாக நானே கம்பைல் செய்துவிடலாமா?

முதலில் பேக்போர்ட்ஸில் (புதிய பதிப்புகளை நிலையான டெபியனுக்கு ஏற்பத் தரும் களஞ்சியம்) தேடுங்கள். பதிப்பு எண் பழையது என்று பயப்பட வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுவார்கள். நீங்கள் கம்பைல் செய்ததற்கு அப்படி எதுவும் தானாக வராது. பேக்கேஜில் அணைத்து வைத்த வசதியோ, சொந்தப் பேட்ச்சோ (நிரலில் நீங்களே செய்யும் மாற்றம்) வேண்டுமென்றால் மட்டும் இறங்குங்கள்.

நம் பிராசஸருக்கென்றே கம்பைல் செய்தால் வேகம் கூடுமா?

அன்றாட நிரல்களில் வித்தியாசமே தெரியாது.

லைப்ரரி இருக்கிறது. ஆனால் கான்ஃபிகர் (கம்பைலுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்) அது இல்லை என்கிறதே?

இருப்பது நிரல் ஓடத் தேவையான பகுதி. கம்பைலுக்கு ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை) வேண்டும். அவை டெபியனில் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ போலவும், ஃபெடோராவில் ‘ஓபன்எஸ்எஸ்எல்-டெவல்’ போலவும் தனிப் பேக்கேஜாக வரும். டெபியனில், ஏபிடியின் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) களஞ்சியப் பட்டியலில் சோர்ஸுக்கான டெப்-எஸ்ஆர்சி வரியை இயக்கிவிட்டு ‘ஏபிடி பில்ட்-டெப்’ கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலானவை மொத்தமாக வந்துவிடும். அப்படியும் நின்றால் கான்ஃபிகர் எழுதும் பதிவுக் கோப்பான கான்ஃபிக்.லாக்கைத் திறங்கள். அதன் கடைசிப் பகுதி வெறும் மாறிகளின் பட்டியல். உண்மையான பிழை அதற்கு மேலே இருக்கும்.

கம்பைல் பாதியில் ‘கில்டு’ என்று நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் ராம் போதாததுதான். பெரிய சி++ கோப்பு ஒன்றே 1 முதல் 2 ஜிபி வரை விழுங்கும். கம்பைலை நடத்தும் ‘மேக்’ கட்டளையில், -ஜே எண் என்பது ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பது. 8 ஜிபி ராமில் ‘மேக் -ஜே8’ கொடுத்தால் தாங்காது, -ஜே3 போதும். எண் இல்லாமல் வெறும் -ஜே கொடுத்தால் வரம்பே கிடையாது, கணினி உறைந்துபோகும். மறுபடி மேக் கொடுங்கள். முடிந்த கோப்புகளைத் தொடாமல் மீதியைத் தொடரும்.

‘மேக் இன்ஸ்டால்’ செய்ததை எப்படி நீக்குவது?

ஏபிடிக்கு அந்தக் கோப்புகள் இருப்பதே தெரியாது. கம்பைல் செய்த கோப்புறையில் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுத்துப் பாருங்கள். எல்லா மென்பொருளிலும் அது இருக்காது. சிமேக் என்ற கருவியால் கம்பைல் செய்தது என்றால், கம்பைல் செய்த கோப்புறையின் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டிஎக்ஸ்டி கோப்பில் முழுப் பட்டியல் இருக்கும். கோப்புறையையே அழித்துவிட்டீர்களா? அதே பதிப்பை அதே விருப்பங்களோடு மறுபடி கம்பைல் செய்து, ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையில் டெஸ்ட்டிர் (கோப்புகளை வேறிடத்தில் போடச் சொல்லும் மாறி) மூலம் ஒரு காலிக் கோப்புறையில் நிறுவுங்கள். எங்கெங்கே என்ன விழுந்தது என்பது அப்படியே தெரியும்.

அடுத்த முறை கான்ஃபிகரில் பிரிஃபிக்ஸாக (நிறுவும் இடம்) /ஆப்ட்/பெயர்-பதிப்பு என்று கொடுங்கள். அந்த ஒரு கோப்புறையை அழித்தால் வேலை முடிந்தது. /யூஎஸ்ஆர் மட்டும் கூடவே கூடாது. அங்கே ஏபிடி வைத்த கோப்புகளின் மேல் உங்களுடையது விழும், அடுத்த அப்டேட்டில் உங்களுடையதன் மேல் அதுவும் விழும்.

புதியதை நிறுவியும் பழைய பதிப்பே ஓடுகிறது.

கட்டளைகளை ஓட்டும் பேஷ் ஷெல் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கலாம். ‘ஹாஷ் -ஆர்’ கொடுங்கள். வழக்கமான /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியபின் ஷேர்டு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி) கிடைக்கவில்லை என்று வந்தால், டெபியனில் ரூட்டாக ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள்.