50 மீட்டர் ரைஃபிள்: பேரலைத் தேடும் முன் ஸ்டாக்கைப் பாருங்கள்

கேள்வி: கிளப் ரைஃபிளில் 50 மீட்டர் படுத்த நிலையில் சுட்டுப் பழகிவிட்டேன். இனி மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டிகளுக்கும் போக ஆசை. கடையில் இருப்பதை அப்படியே வாங்காமல், ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறி), பேரல் (குழல்), ஸ்டாக் (இவற்றைத் தாங்கி உடம்போடு அணையும் கட்டை), ட்ரிக்கர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எனக்கென்று ஒரு .22 ரைஃபிளை அமைத்துக்கொள்ள நினைக்கிறேன். எந்தப் பேரல் சிறந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். உண்மையில் எப்படிப்பட்ட ரைஃபிள் வேண்டும்? பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: பேரலைப் பற்றி வாதாடுவது சுகமான பொழுதுபோக்கு. அந்த வாதத்தில் நான் கடைசியாகத்தான் கலந்துகொள்வேன். முதலில் இலக்கைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

50 மீட்டர் இலக்கில் 10 வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. .22 குண்டின் விட்டம் 5.6 மி.மீ., அதாவது 0.22 அங்குலம். குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே 10 கிடைத்துவிடும் என்பதால், அதன் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். தசமக் கணக்கில் இந்த 8 மி.மீ. பத்தாகப் பிரிகிறது, ஒவ்வொரு 0.8 மி.மீ. விலகலுக்கும் ஒரு தசமம் (0.1 புள்ளி) குறையும். மூன்று நிலைத் தகுதிச் சுற்றில் முழு எண்ணைத்தான் எண்ணுகிறார்கள், தசமம் இறுதிச் சுற்றில்தான் வருகிறது. ஆனாலும் எந்தப் பிழை பெரியது, எது சிறியது என்று ஒப்பிட தசமம்தான் வசதி.

தரமான பேரலும் அதற்கு ஒத்துவரும் தோட்டாவும் சேர்ந்தால், பிடிப்பானில் இறுக்கிக் கட்டிச் சுடும்போது பத்துக் குண்டுகளின் மையங்களும் 16 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். அதாவது ரைஃபிள் தன் பங்குக்கு எல்லாவற்றையும் 10-க்குள் போட்டுவிடும். இனி மனிதர் சேர்க்கும் பிழையைப் பாருங்கள். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 800 மி.மீ. தூரம் இருக்கிறது என்று வையுங்கள். கன்னம் சற்று வேறு இடத்தில் படிந்ததால் இரண்டு சைட்டுகளும் ஒன்றுக்கொன்று 0.1 மி.மீ. விலகி நின்றால், இலக்கில் குண்டு 6.25 மி.மீ. தள்ளி விழும். கிட்டத்தட்ட எட்டுத் தசமம் போய்விட்டது. ரைஃபிளைச் சாய்ப்பதும் அப்படித்தான். .22 குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 வினாடி ஆகிறது. அதற்குள் 12 செ.மீ.க்கு மேல் தாழ்கிறது. சைட்டைச் சரிசெய்தபோது இருந்த சாய்விலிருந்து ஒரே ஒரு டிகிரி மாறினாலும் பக்கவாட்டில் 2 மி.மீ. விலகும். இரண்டு நல்ல பேரல்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் இந்த அளவுகளுக்குப் பக்கத்திலேயே வராது.

அதனால்தான் சொல்கிறேன்: தலையும் தோளும் கையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வரும்படி அமைந்த ரைஃபிள்தான் உங்களுக்கு வேண்டியது. பணம் முதலில் ஸ்டாக்குக்குப் போகட்டும்.

ஸ்டாக்கில் முதல் வேலை, நீங்கள் போட்டியில் அணியும் ஜாக்கெட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு அளவெடுப்பது. சாதாரணச் சட்டையில் சரியாக இருந்த நீளம், விறைப்பான ஜாக்கெட்டில் நீளமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நிலையெடுங்கள். தலையை இயல்பாகக் கன்னத்தாங்கியில் சாயவிடுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் துளை நேராகக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். கழுத்தை நீட்டியோ, புருவத்தின் அடியிலிருந்து மேல்நோக்கியோ பார்க்க வேண்டியிருந்தால் அமைப்பு தவறு. பலரும் இந்த இடத்தில் கழுத்தை வளைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். வளைய வேண்டியது கழுத்து இல்லை. தோளில் பதியும் பட் பிளேட்டை இறக்கலாம், கன்னத்தாங்கியை ஏற்றலாம், சைட்டுக்கு அடியில் உயர்த்தும் கட்டை வைக்கலாம்.

மூன்று நிலைக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. மண்டியிட்டு, படுத்து, நின்று என்ற வரிசையில் போட்டி நடக்கும். படுக்கும்போது தலை முன்னால் போகும். நிற்கும்போது நிமிர்ந்து பின்னால் வரும். பட் பிளேட்டின் உயரம், நீளம், சாய்வு, கன்னத்தாங்கி, தாங்கும் கை நழுவாமல் நிறுத்தும் கைத்தடுப்பு என எல்லாமே நிலைக்கு நிலை மாறும். ஆகவே வாங்கப்போகும் ஸ்டாக்கில் எத்தனை திருகுகள் இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அளவுக்கோடு பொறித்திருக்கிறதா, ஜாக்கெட்டோடு இருக்கும்போதே மாற்ற முடிகிறதா, மாற்றிய பின் அதே எண்ணுக்குத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். நிலை மாற்றும் நேரமும் போட்டி நேரத்துக்குள்தான் ஓடுகிறது. சிலர் நிலைக்கு ஒன்றாக மூன்று பட் பிளேட்டுகளை முன்கூட்டியே அமைத்து வைத்துக்கொண்டு கழற்றி மாட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்த வழி.

மரமா, அலுமினியமா? ஈரப்பதத்தில் மரம் அசையும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மரம் கைக்கு இதமானது. எதுவானாலும் ஆக்‌ஷன் உட்காரும் இடம் முழுதாகப் பொருந்தியிருக்க வேண்டும். திருகுகளை டார்க் ரென்ச்சால் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முடுக்குங்கள். ஸ்டாக் எங்குமே பேரலைத் தொடக் கூடாது.

எடையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.பின் விதிப்படி ஆண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிளின் உச்ச எடை 8 கிலோ, உள்ளங்கைத் தாங்கியையும் சேர்த்து. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அமைப்பை இறுதி செய்யும் முன் உங்கள் பிரிவுக்கான நடப்பு விதிப்புத்தகத்தின் அளவு அட்டவணையைப் படித்துவிடுங்கள். உச்ச எடை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக அதை எட்ட வேண்டியதில்லை. முன்பக்கம் கனம் கூடினால் அசைவு மெதுவாகும், கண்ணுக்கு அது நிதானமாகத் தெரியும். ஆனால் நின்ற நிலையின் கடைசிக் குண்டுகளில் இடுப்பு அதற்கு விலை கொடுக்கும். குறைந்த எடையில் தொடங்கி, சிறு எடைக்கட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நின்று சுடும்போது சமநிலைப் புள்ளி தாங்கும் கைக்கு எங்கே விழுகிறது என்று தேடுங்கள். எடைக்கட்டிகள் மலிவு. வேறு எந்தப் பாகத்தையும்விட இவற்றில் விளையாடுவதுதான் பலன் தரும்.

சைட்டுக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் 800 மி.மீ. இடைவெளியை 1,000 ஆக்கினால், அதே 0.1 மி.மீ. பிழைக்கு விலகல் 5 மி.மீ.யாகக் குறைகிறது. பேரலின் முனையில் வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டி முன் சைட்டை முன்னுக்குத் தள்ளுவது இதற்காகத்தான். குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரி வெட்டிய பேரலையே நீட்டினால் குண்டு உள்ளே இருக்கும் நேரம் கூடும், அந்த நேரத்தில் உங்கள் அசைவும் குண்டில் சேரும். வெற்றுக் குழாயில் குண்டு எதையும் தொடுவதில்லை. ஆனால் நீளம் கூடக் கூட முன்பாரமும் கூடும் என்பதால் இதையும் எடையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

முன் சைட்டின் வளையத்தை இறுக்கமாக, இலக்கின் கரும்புள்ளியை ஒட்டி வைப்பது துடிப்பான இளைஞர்களின் பழக்கம். வளையத்துக்கும் கரும்புள்ளிக்கும் நடுவே தாராளமான வெள்ளை இருந்தால்தான் கண் மையத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும். இறுக்கமானால் அசைவைத் துரத்தத் தொடங்கிவிடுவீர்கள். அளவு மாற்றக்கூடிய வளையமாக வாங்குங்கள். பின் சைட்டின் துளையையும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற முடிய வேண்டும்.

இனி பேரலும் தோட்டாவும். இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதுதான் பெரும்பாலான வீண்செலவுக்குக் காரணம். .22 போட்டிப் பேரல்களில் சுழல்வரி பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் புதுமை தேட வேண்டாம். தோட்டா உட்காரும் அறை குண்டை நன்றாகப் பிடிக்கிறதா, உட்புறம் சீராக இழைக்கப்பட்டிருக்கிறதா, முனையின் விளிம்பு பழுதில்லாமல் இருக்கிறதா, இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இதையெல்லாம் பேரறிந்த தயாரிப்பாளர்கள் அனைவருமே நன்றாகச் செய்கிறார்கள். அதற்கப்புறம் முடிவு செய்வது தோட்டாவின் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி. ஒரே பெட்டிப் பெயர், ஒரே விலை, ஆனால் லாட் எண் மாறினால் உங்கள் பேரலில், இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம் விரிந்துவிடும். பக்கத்து வீரரின் பேரலில் அதே லாட் அற்புதமாகப் போகும். .22 தோட்டாவை நாமே நிரப்பிச் சரிசெய்ய முடியாது. தேடித்தான் எடுக்க வேண்டும். ஈலி (Eley), லாபுவா (Lapua) போன்ற தோட்டா நிறுவனங்கள் ரைஃபிளைப் பிடிப்பானில் கட்டிப் பல லாட்களைச் சுட்டுப் பார்க்கும் வசதியை வைத்திருப்பது இதற்காகவே.

சோதனையில் ஐந்து குண்டு சுட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து குண்டின் கூட்டம் தற்செயலாகவே பாதிக்குப் பாதி மாறும். ஒரு லாட்டுக்குப் பத்துப் பத்தாக நான்கு கூட்டங்களாவது சுடுங்கள். மிகச் சிறிய கூட்டத்தை மறந்துவிட்டு, மோசமான கூட்டத்தைப் பாருங்கள். தேறிய லாட்டை ஒரு பருவம் முழுவதற்கும் வாங்கி வையுங்கள். அதிவேகத் தோட்டாக்களைத் தொடவே வேண்டாம். போட்டித் தோட்டாக்கள் வினாடிக்குச் சுமார் 320 முதல் 330 மீட்டரில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்புகின்றன. அதைத் தாண்டினால் காற்றுத்தடை சட்டென்று ஏறி, வேகமான குண்டைத்தான் பக்கக்காற்று அதிகம் தள்ளும்.

ஈயக் குண்டு பேரலை மெதுவாகத்தான் தேய்க்கும் என்பதால் நல்ல பேரல் பல ஆண்டு உழைக்கும். கிளப் ரைஃபிளின் ஆக்‌ஷனும் பேரலும் நல்ல நிலையில் இருந்து, விற்கவும் தயாராக இருந்தால், அதையே வாங்கிப் புதிய ஸ்டாக்கில் பொருத்தச் சொல்வேன்.

ட்ரிக்கரில் இரண்டு கட்ட அமைப்பை எடுங்கள்: முதலில் இலேசான இழுப்பு, பிறகு தடை தட்டிச் சுடும் இழுப்பு. முதல் கட்டம் முடியும் இடம் விரலுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். எடை அதற்குப் பிறகுதான். மிக இலேசாக வைத்தால் குளிரில் விரல் மரத்துப்போகும் நாளில் நீங்கள் நினைக்கும் முன்பே வெடிக்கும். ட்ரிக்கர், ஆக்‌ஷன், பேரல் மூன்றிலும் கைவைப்பது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கலைஞரின் வேலை. வீட்டில் நீங்கள் திருக வேண்டியது ஸ்டாக்கையும் சைட்டையும் மட்டும்.

எஃப் கிளாஸ் போன்ற நெடுந்தூரப் போட்டிகளுக்கும் இதே ரைஃபிள் உதவுமா என்று யோசிக்க வேண்டாம். அங்கே ரைஃபிள் தாங்கியில் கிடக்கிறது, தொலைநோக்கி சைட் உண்டு, எடை வரம்பே அதன் எஃப்-டி.ஆர். பிரிவில் 8.25 கிலோ, ஓப்பன் பிரிவில் 10 கிலோ. உடம்பின் பங்கு குறைந்து பேரல், தோட்டா, காற்றைப் படிப்பது ஆகியவற்றின் பங்கு கூடுகிறது. வேகமான 6 மி.மீ. பேரல்கள் இரண்டாயிரம், மூவாயிரம் சுடுதல்களில் தேய்ந்துவிடுவதும் உண்டு. அங்கே போவதானால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு ஸ்டாக்கை மட்டும் வாங்கி, கிளப் ஆக்‌ஷனை அதில் பொருத்தி, ஒரு பருவம் மூன்று நிலையிலும் சுடுங்கள். ஒவ்வொரு திருகின் எண்ணையும் நிலைவாரியாக எழுதி வையுங்கள். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்கள் அசையாமல் நின்ற பிறகு அந்தத் தாளோடு துப்பாக்கிக் கலைஞரிடம் போய்ப் புதுப் பேரலைப் பற்றிக் கேளுங்கள். அவர் ஒன்றைக் காட்டினால், அதே பேரலைப் பிடிப்பானில் கட்டிச் சுட்ட இலக்குத் தாள்களையும் சுட்ட லாட் எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.