நோட்டில் 126 – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது பத்தாம் வகுப்பு. இன்சுலின் ஊசி போடாமல் ஏமாற்றுகிறான். சுகர் நோட்டில் 126 என்று எழுதியிருந்தான். குளுக்கோமீட்டர் மெமரியில் பார்த்தால் 287. அவன் அப்பா அடித்துவிட்டார். அவனுக்கு ஊக்கம் வருகிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன், படித்துக் காட்டுகிறேன்.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

எழுதலாம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லெனார்டு தாம்ப்சனுக்கு வயது 14 என்று தொடங்கி உருக்கமாகவே எழுதிவிடலாம். உங்கள் மகன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். டாக்டர், டீச்சர், சித்தப்பா என்று ஆளாளுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

126 பொய்தான். ஆனால் 287 என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். "என்னத்த தின்னே?" என்பதுதானே முதல் கேள்வி? ஒன்றும் தின்னாமலும் ஏறும். பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. அதற்கும் சேர்த்து அவன் திட்டு வாங்கியிருப்பான்.

மீட்டரில் எந்த எண் வந்தாலும், "சரி, இப்போ என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் வேறொரு நாள், சண்டையில்லாத நேரத்தில், "ஊசி போடுறதுல உனக்கு எதுடா கடுப்பு?" என்று கேளுங்கள். பதிலுக்கு அறிவுரை சொல்லாதீர்கள் (கஷ்டம்தான்). பள்ளிக் கழிவறையில் ஒளிந்து போட்டுக்கொள்வதுதான் சிக்கல் என்றால், தலைமையாசிரியரிடம் பேசி ஒரு இடம் கேட்கலாமே. குடிநோயாளிகளுக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த உரையாடல் முறை இதுபோல்தான் கேட்கும். வேல்ஸில் அந்த முறையில் 14 முதல் 17 வயதுள்ள சர்க்கரைப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்ததில், ஓராண்டில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) குறைந்தது.

இதற்குக் குடும்ப சிகிச்சை என்றும் ஒன்று உண்டு; பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்து ஒரு தகராறை மட்டும் எடுத்து, யார் எதைச் செய்வது என்று பேசி முடிப்பார்கள். "பெரிய பையன், அவனே பாத்துக்குவான்" என்று மொத்தத்தையும் அவன் தலையில் கட்டிவிடாதீர்கள். ராத்திரி ஊசியின்போது அப்பா பக்கத்தில் உட்காரட்டும், வாயைத் திறக்காமல்.

ஊசி போடாமல் விட்ட நாளில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று எது வந்தாலும், நடுராத்திரியானாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த செக்கப்பில், டாக்டரிடம் சொல்லிவிட்டு அவனைத் தனியாகப் பத்து நிமிடம் பேச விடுங்கள். என்ன பேசினான் என்று வெளியே வந்ததும் கேட்காதீர்கள்.