நாஸ் பெட்டி விண்டோஸின் ‘நெட்வொர்க்’ பட்டியலில் ஏன் தெரிவதில்லை?

நாஸ் என்பது ஒரே ரவுட்டரில் இணைந்த கணினிகள் அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஹார்டு டிஸ்க் பெட்டி. இத்தகைய பெட்டிகளின் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிட விண்டோஸ் நெடுங்காலம் எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறையையே நம்பியிருந்தது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியதும் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 எஸ்எம்பி1-ஐக் கைவிடத் தொடங்கியதால் பட்டியலும் வெறுமையானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் கதவு எண் தெரிந்தவர் நேரே வீட்டுக்குப் போய்விடலாம் அல்லவா? அதுபோலவே, எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் பெட்டியின் ஐபி முகவரியைத் தட்டினால், பெரும்பாலும் கோப்புகள் திறந்துவிடும். பெயர் மீண்டும் தெரிய, நாஸின் அமைப்புகளில், பெட்டி தன் இருப்பை மற்றக் கணினிகளுக்கு அறிவிக்க உதவும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி வசதியை இயக்க வேண்டும்.

பட்டியலில் காணவில்லை என்பதாலேயே டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பலர் பதறுவதும், எஸ்எம்பி1-ஐ மீண்டும் இயக்குவதே தீர்வு என்று நினைப்பதும் தவறு.